தூங்குகிறவளின் குதிகால்

பெரியவள் அன்று அருங்காட்சியகத்துக்குப் போனது படம் பார்க்க அல்ல. சரி என்று சொல்ல.

"நாளைக்குத் திறப்பு விழா. அதுக்கு முன்னாடி நீ வந்து ஒரு சுத்து பாத்துடு, அக்கா. நீ சரின்னு சொன்னாத்தான் கதவைத் திறக்க விடுவேன். எனக்கு மட்டுமா அவங்க அம்மா?" என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டே பேர். பெரியவள், சின்னவள் என்றுதான் அம்மா கூப்பிடுவாள். வைத்த பெயர்கள் பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் மட்டும்தான் பயன்பட்டன.

சரி சொல்வது பெரியவளுக்குக் கஷ்டமான காரியம் இல்லை. பேசக் கற்றதிலிருந்து அதைத்தான் சொல்லி வருகிறாள். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது சொன்னாள். அதற்காகப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலையை விட வேண்டும் என்று ஆனபோதும் சொன்னாள். அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. வாடகைக்கு எடுத்த மருத்துவமனைக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அறையில் மருந்து வாசனைகூடப் போய்விட்டது. அசதி மட்டும் போகவில்லை. வந்த விருந்தாளி ஊருக்குக் கிளம்பாமல், பெட்டியைப் பிரித்து அலமாரியில் துணியை அடுக்கிவிட்டதுபோல, அது அவள் உடம்பில் குடியேறிவிட்டது.

காட்சிக்கூடம் மாடியில். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரப் பெண் இவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நாளைக்குத்தாம்மா திறக்குறாங்க."

"தெரியும். படம் எடுத்தவ என் தங்கச்சி."

"அப்படியா? அப்ப படத்துல இருக்கிறது உங்க அம்மாவா?" காவல்காரப் பெண்ணின் குரல் இறங்கியது. "போங்கம்மா, போங்க. எதையும் தொட மட்டும் கூடாது. பெஞ்சுல உக்காரலாம், கால நீட்டிப் படுக்கக்கூடாது. எல்லார்கிட்டயும் சொல்றதுதான், தப்பா எடுத்துக்காதீங்க."

"படுக்க எங்கங்க நேரம்," என்றாள் பெரியவள்.

உள்ளே இன்னும் வேலை முடியவில்லை. தரையில் அட்டைப் பெட்டிகள் பிரிந்து கிடந்தன. ஏணியின் மேல் நின்றிருந்தவர் ஒரு படத்தின் தலையில் ரசமட்டத்தை வைத்து, அதன் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்தபடி சின்னவள். கையில் வெள்ளைத் துணியுறை, தலைமுடியில் பென்சில்.

"அக்கா! வந்துட்டியா! ரசமட்டம் அண்ணே, இதான் எங்க அக்கா. இவங்க சொன்னாத்தான் இங்க எல்லாம்."

"வாங்கம்மா," என்றார் அவர், குமிழியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. படம் நேராத்தான் இருக்கு, சுவர்தான் கோணல்னு காலையிலேருந்து சொல்றேன், நம்ப மாட்டேங்குது."

சின்னவள் அக்காவைக் கட்டிக்கொண்டாள். விமானம் ஏறி ஏறி ஊர் ஊராகப் படம் எடுப்பவள். யாருடைய கல்யாணத்தையோ, எந்த ஊர் வெள்ளத்தையோ எடுத்துச் சம்பாதித்து, மிச்ச நேரத்தில் தனக்கென்று எடுப்பாள். அம்மா படுத்திருந்த இரண்டு வருடமும், இரண்டு வேலைகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் வந்து வந்து போனாள். வரும்போதெல்லாம் பழம் வாங்கி வருவாள். கேமராவும் கூட வரும்.

"நீ மெதுவா பாரு. நான் கூட வந்தா உன் மூஞ்சியவே பாத்துட்டு இருப்பேன்," என்று சொல்லிவிட்டு ஏணிக்குத் திரும்பினாள்.

பெரியவள் முதல் படத்தின் முன் நின்றாள். தலையணைமேல் அம்மாவின் கண்ணாடி. அடுத்தது, மாத்திரை விழுங்கிவிட்டு முகத்தைச் சுளிக்கும் அம்மா. அடுத்ததில் ஜன்னல் திரை காற்றில் உப்பியிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் அம்மாவின் கை. படம் நன்றாக இருக்கிறதா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. திரை அழுக்காக இருக்கிறது என்று தெரிந்தது. அதைக் கழற்றித் துவைக்க நினைத்து நினைத்து முடியாமலே போனது ஞாபகம் வந்தது. அடுத்த படத்தின் ஓரத்தில் ஒரு வாளி. அது ஏன் அங்கே இருந்தது, அதற்குள் என்ன இருந்தது என்பதெல்லாம் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் அந்த வாளியின் நீலத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

எல்லாப் படத்திலும் ஏதாவது ஒரு ஓரத்தில் கதவு நிலையின் மரம் ஒரு கீற்று விழுந்திருந்தது. சின்னவளின் வழக்கம் அது. அறைக்குள் வந்து படம் எடுக்க மாட்டாள். வாசலில் நின்றே எடுப்பாள். "உள்ள காலை வச்சா அவங்க எனக்காக முகத்தை மாத்திக்குவாங்க, அக்கா," என்பாள். உள்ளே வராதவளுக்கு அறையின் வாசனையும் வராது என்று அப்போதெல்லாம் பெரியவளுக்குத் தோன்றும். தோன்றிய கையோடு வெட்கமாகவும் இருக்கும்.

பெரியவள் எந்தப் படத்திலும் இல்லை. இல்லை என்று சொல்லவும் முடியாது. ஒன்றில் டம்ளரை நீட்டும் ஒரு கை. ஒன்றில் சுவரில் விழுந்த நிழல். ஒன்றில் முழங்கை.

"என் முழங்கை நல்லா வந்திருக்குடி," என்று அடுத்த அறைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"உன்னைத்தான் எடுக்க விடவே மாட்டியே நீ! கேமராவத் தூக்கினா கரண்டியத் தூக்குவ," என்று பதில் வந்தது. ரசமட்டம் சிரித்தார்.

கடைசி அறை சின்னது. எதிர்ச் சுவர் முழுவதற்கும் ஒரே ஒரு படம். நடுவில் ஒரு பெஞ்சு.

பெரியவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். முதலில் அம்மா என்றே நினைத்தாள். கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு. சின்னச் சின்னப் பூப்போட்ட ஊதா நைட்டி. தலைக்குக் குளித்துவிட்டு முடியைச் சுற்றிக் கட்டிய துண்டு. துண்டுக்குக் கீழே மெலிந்த பிடரி. பக்கத்து ஜன்னலிலிருந்து வந்த மதிய வெயில் இடுப்பைத் தாண்டி வழிந்து, கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டியிருந்த ஒரு காலில் போய் முடிந்தது. கால் இந்தப் பக்கம் பார்த்திருந்தது. குதிகால் முழுக்க வெடிப்பு. நடுவில் ஒரு பெரிய வெடிப்பு மேலே போய் இரண்டாகப் பிரிந்திருந்தது.

அம்மாவின் குதிகால் அப்படி இல்லை.

அம்மா இரண்டு வருடம் தரையில் கால் ஊன்றவில்லை. கடைசியில் அவள் பாதம் பிறந்த குழந்தையின் பாதம்போல் ஆகிவிட்டது. ஈரத் துணியால் துடைக்கும்போதெல்லாம், இவ்வளவு மெத்தென்று ஆவதற்கா இவ்வளவு நடந்தாய் என்று பெரியவள் நினைத்துக்கொள்வாள். கட்டிலுக்கும் சமையலறைக்கும் குளியலறைக்கும் மருந்துக் கடைக்குமாக நடந்து வெடித்துப் போன கால் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அந்த மதியம் இப்போது தெளிவாக வந்தது. படுக்கைப் புண் ஆற வேண்டுமென்றால் தினமும் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவைக் குளிப்பாட்டியதில் இவளும் முழுக்க நனைந்துவிட்டாள். அம்மாவைத் தூக்கி, கூடத்து ஜன்னலோரம் முதுகு உயரமான நாற்காலியில் தெருவைப் பார்க்க உட்கார்த்தினாள். தானும் தலைக்குக் குளித்து, கைக்கு அகப்பட்ட அம்மாவின் நைட்டியை மாட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் புது விரிப்பு மாற்றினாள். விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடக் குனிந்தவள், ஒரு நிமிஷம் என்று தலையைச் சாய்த்தாள். அவ்வளவுதான் தெரியும். விழித்தபோது வெயில் நகர்ந்திருந்தது. போனில் சின்னவளின் செய்தி கிடந்தது: வழியில் இறங்கி வந்தேன், அம்மா நல்லா தூங்கிட்டு இருந்தாங்க, எழுப்பல, நீ மருந்துக் கடைக்குப் போயிருப்ப போல, கார் நிக்குது, கிளம்பறேன்.

அதை அடுப்படியில் நின்றபடி படித்தாள். தூங்கினது நான்தான் என்று எழுதலாம். எழுதினால் சின்னவள் திரும்பக் கேட்பாள், இவள் திரும்பச் சொல்ல வேண்டும், அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சரி என்று மட்டும் அனுப்பினாள். எடுத்த படம் இப்படிச் சுவர் அளவுக்கு வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த வாரமே அம்மா போய்விட்டாள். பிறகு அதையெல்லாம் பேச ஏது இடம்?

காலடிச் சத்தம் கேட்டது. சின்னவள் வந்தாள். கூடவே, ரப்பர் அடிவைத்த செருப்பும் மெல்லிய குரலுமாகக் காட்சிக்கூடப் பொறுப்பாளர்.

"இந்தப் படத்துகிட்ட எல்லாரும் உக்காந்துடறாங்க, மேடம்," என்றார் அவர். "வேலை செய்ய வந்தவங்ககூட. அந்தக் குதிகாலைப் பாருங்க. ஒரு மனுஷி வாழ்க்கை முழுக்க நடந்த நடை அதுல இருக்கு. நடந்து முடிச்சுட்டுப் படுத்திருக்காங்க. என்ன ஒரு நிம்மதி! இதை எங்க நிரந்தரச் சேகரிப்புக்கு எடுத்துக்கறதா முடிவாயிடுச்சு."

நிம்மதி. பெரியவள் அந்த முதுகைப் பார்த்தாள். அடிபட்டு விழுந்ததுபோல் விழுந்து கிடந்தாள் அவள். அதைப் பார்த்து நிம்மதி என்கிறாரே இந்தப் பிள்ளை.

பொறுப்பாளர் போனபின் சின்னவள் பெஞ்சில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"இதை உன்கிட்ட முன்னாடியே காட்டலன்னு கோவமா?"

"இல்லடி."

"காட்ட முடியல. அன்னிக்கு நான் எழுப்பியிருக்கணும்னு ஒரு வருஷமா அடிச்சுக்கிட்டு இருந்தேன், அக்கா. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். தொட்டிருக்கலாம். வாசல்லயே நின்னு எடுத்துட்டு ஓடிட்டேன். அப்புறம் இதைப் பெருசா அச்சடிச்சு மேசையில விரிச்சேன் பாரு, அன்னிக்குத்தான் அழுகையே வந்தது. இதுதான் அம்மா எனக்கு மிச்சம் வச்சதுன்னு தோணுச்சு. உனக்கு எல்லாம் கிடைச்சது. எனக்கு இந்த முதுகு." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப சொல்லு. சரியா?"

உனக்கு எல்லாம் கிடைச்சது. வாளி, விரிப்பு, கஞ்சி, எல்லாம். பெரியவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. வந்தது போலவும் இருந்தது. பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது போலவும் இருந்தது. அது நான்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரே ஒரு தடவை, முழங்கையாகவும் நிழலாகவும் இல்லாமல், தலையிலிருந்து கால்வரை ஒரு சுவர் அளவுக்கு அவள் இருக்கிறாள். அதற்கும் அம்மாவின் பெயர். சொன்னால் அவள் அங்கே இருப்பாள். சொன்னால் சின்னவளுக்கு அந்த முதுகும் இருக்காது. இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் போடுகிற காரியம். தூக்கிப் போட அவள் கைகளில் வலு இல்லை.

"சரிதான்," என்றாள்.

சின்னவள் அவள் தோளில் முகத்தை வைத்துத் தேய்த்தாள், சின்ன வயதில் செய்வதுபோல. பிறகு துள்ளி எழுந்தாள். "ரசமட்டம் அண்ணே! படத்துக்குக் கீழ ஒட்டற அட்டையைக் கொண்டாங்க. அக்கா சரின்னுட்டாங்க!"

அவர் அட்டையோடு வந்தார். 'அம்மா, மதியம்' என்று அதில் இருந்தது. ஒட்டுவதற்கு முன் சின்னவள் கையை நீட்டித் தடுத்தாள். "கொஞ்சம் பொறுங்க. கண்ணாடியில விளக்கு அடிக்குதான்னு பாத்துடறேன். சின்னப் பசங்க உயரத்துல பாத்தாத்தான் அது தெரியும்." சொல்லிக்கொண்டே தரையில் குப்புறப் படுத்தாள்.

"இது ஒண்ணு, எந்த ஹாலுக்குப் போனாலும் தரையைப் பெருக்கிடும்," என்றார் ரசமட்டம்.

மாடிப்படி ஏறியதில் கால் வீங்கி, பெரியவள் எப்போதோ செருப்பைக் கழற்றி, பாதங்களைப் பெஞ்சுக்கு அடியில் பின்னால் மடக்கி வைத்திருந்தாள். பெஞ்சுக்குப் பின்னால் படுத்தபடி, அதன் கால்களுக்கு நடுவே படத்தை நோக்கி நகர்ந்த சின்னவள் பாதியில் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"விளக்கு அடிக்குதா?" என்று கேட்டார் ரசமட்டம்.

ஒரு விரல் தன் குதிகாலைத் தொடுவதைப் பெரியவள் உணர்ந்தாள். நடு வெடிப்பின் மேலேறி, அது இரண்டாகப் பிரியும் இடத்தில் விரல் நின்றது. அந்தப் படத்தின் ஒவ்வொரு தூசியையும் மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் துடைத்தவள் சின்னவள். அந்த வெடிப்பை அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"அண்ணே, நீங்க கொஞ்சம் டீ குடிச்சுட்டு வாங்க," என்று தரையிலிருந்து குரல் வந்தது.

அவர் இரண்டு பேரையும் பார்த்தார். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

சின்னவள் எழவில்லை. "அக்கா. இது நீ."

"ம்."

"தெரிஞ்சுதானே சரின்னு சொன்ன?"

"வேற என்னடி சொல்லச் சொல்ற?"

"ஏன் அம்மா நைட்டியப் போட்டிருந்த?"

"என்னுது நனைஞ்சு போச்சு."

சின்னவள் எழுந்து தரையிலேயே உட்கார்ந்தாள். முன்பக்கமெல்லாம் தூசி. முகத்தில் ஒரு கணக்கு ஓடுவதைப் பெரியவள் பார்த்தாள். அது எங்கே போய் முடியும் என்று தெரிந்தது. முடிய வேண்டாம் என்று நினைத்தாள்.

"அப்ப அம்மா எங்க இருந்தாங்க?"

ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தாள் என்று சொல்லலாம். ஆனால் பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். ஒன்று சொன்னால் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, யார் கூட்டிப்போனார்கள், எப்போது வந்தார்கள்... வாழ்நாள் முழுக்க அதையும் பராமரிக்க வேண்டும். இன்னொரு படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்ள அவளால் ஆகாது.

"கூடத்துல. ஜன்னலோர நாற்காலியில."

"அந்த உசரமான நாற்காலியா?"

"ஆமா."

"கதவைத் திறந்தா அதோட முதுகுதான் தெரியும்." சின்னவள் மெதுவாகச் சொன்னாள். "நான் அதைத் தாண்டித்தான் போனேன். ரெண்டு தடவை. போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு." கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். "முழிச்சுட்டு இருந்தாங்களா?"

"மதியத்துல அம்மா என்னிக்குத் தூங்கியிருக்காங்க?"

"ஐயோ அக்கா."

"கேளுடி. நான் எந்திரிச்சு வந்ததும், சின்னவ வந்துட்டுப் போறான்னு சொன்னாங்க. நான் அப்ப போனைப் பாக்கல. கனவு கண்டியாம்மான்னேன். அவ நடை எனக்குத் தெரியாதா, வாசல்ல நிப்பா, உள்ள வரமாட்டா, கேமராவோட நின்னிருப்பா, அதான் நானும் சத்தம் போடலன்னாங்க. உன் படம் கெட்டுடும்னு வாயத் திறக்காம உக்காந்திருந்தாங்க."

இதைச் சொல்ல வேண்டும் என்று பெரியவள் நினைத்திருக்கவில்லை. தன்னிடம் மட்டும் இருந்ததில் ஒன்று அது. சொன்னது ஆறுதலுக்கா, அடிக்கவா என்று அவளுக்கே விளங்கவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும்.

சின்னவள் அழுதாள். அச்சடித்த படத்தைப் பார்த்து அழுததாகச் சொன்னாளே, அந்த அழுகையாக இது இருக்காது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க, அசிங்கமாக அழுதாள். பெரியவள் எழுந்து போய் அணைத்திருக்க வேண்டும். வழக்கமாக அதுதான் நடக்கும். கை எழவில்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சற்றுப் பொறுத்துப் பொறுப்பாளரின் தலை அறை வாசலில் எட்டிப் பார்த்தது. பின்னால் ரசமட்டம், சட்டைப் பையில் அட்டையோடு.

"எதாவது பிரச்சினையா?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். கண்ணும் மூக்கும் வீங்கிய அந்த முகத்தில், கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு வந்து நிற்கும் பழைய பார்வை. "அக்கா, என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு."

"தெரியலடி," என்றாள் பெரியவள். "நீ யோசி. எனக்கு ரொம்ப அசதியா இருக்கு."

அந்தச் சொல்லை இன்னொருவரிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் உடம்பு அதைக் கேட்டுவிட்டதுபோல் இருந்தது. அவள் பெஞ்சில் பக்கவாட்டில் சாய்ந்தாள். கையை மடக்கித் தலைக்கு வைத்து, சுவர் பக்கம் திரும்பி, கால்களை நீட்டிக்கொண்டாள். மரம் குளிர்ச்சியாக இருந்தது. கண்ணை மூடினாள்.

"வெளிய போய்ப் பேசலாம் வாங்க," என்று சின்னவளின் குரல் கேட்டது. காலடிகள் விலகின.

பக்கத்து அறையிலிருந்து பேச்சு துண்டு துண்டாக வந்தது. "அம்மா இல்லன்னா?" என்றார் பொறுப்பாளர். "மேடம், காட்சிக் கையேட்டு முன்னட்டையே இந்தப் படம்தான். நாளைக்குக் காலையில... சேகரிப்புக் குழுவுக்கு நான் என்னன்னு சொல்றது?" சின்னவள் என்னவோ சொன்னாள். அவர் என்னவோ சொன்னார். "அது உங்க பாடு, என் பாடு. அவங்க பாடு இல்ல," என்று அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு, "அண்ணே, அந்த அட்டையைக் கிழிச்சுடுங்க. அக்கான்னு போட்டு நான் வேற அடிச்சுட்டு வரேன். அக்கா, மதியம். அம்மா எங்க இருந்தாங்கங்கறதையும் கீழ எழுதணும். நான் எங்க நின்னேன்கறதையும்."

இதில் எழுந்து போய்ச் சமாதானம் பேச வேண்டிய இடங்கள் மூன்று நான்கு வந்தன. பெரியவள் அவை ஒவ்வொன்றும் தன்னைக் கடந்து போவதைக் கேட்டபடி படுத்திருந்தாள்.

காவல்காரப் பெண்ணின் செருப்பு வாசலில் வந்து நின்றது. "அம்மா, பெஞ்சுல..." என்று தொடங்கியது குரல். நின்றது. அவள் சுவரைப் பார்த்திருப்பாள், பிறகு பெஞ்சை. வந்த செருப்பு வந்த வழியே போனது. வாசலோரம் ஒரு விளக்கை அணைக்கும் சுவிட்ச் சத்தம் கேட்டது.

தூக்கம் கால் பக்கமிருந்து ஏறி வந்தது. அதற்குள் இன்னொரு நடை. பெரியவளுக்கும் அந்த நடை தெரியும். வாசல்வரை வரும், அங்கே நிற்கும். அவள் காத்திருந்தாள். நடை வாசலில் நின்றது. பிறகு உள்ளே வந்தது. பெஞ்சின் கால்மாட்டில் ஒரு கனம் உட்கார்ந்து, அவள் பாதங்களை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டது.